கருவி பூஜ்யம் காட்டிய பிறகும் கோட்டில் நடக்கச் சொல்வது எதற்காக?

வழிப்போக்கன்:
என் பெரியப்பா மகன் போன வாரம் இரவில் காரோட்டி வரும்போது காவல்துறை வண்டி பின்தொடர்ந்து வந்து நிறுத்தியிருக்கிறது. கார் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனதாகச் சொன்னார்கள். ஊதச் சொன்னார்கள், ஊதினார், பூஜ்யம். அண்ணன் குடிப்பவரே இல்லை என்பதால் அதில் வியப்பில்லை. அதோடு விட்டிருக்க வேண்டாமா? கண்ணுக்கு முன்னால் பேனாவை இங்குமங்கும் அசைத்தார்கள். குதிகாலும் விரல்நுனியும் ஒட்டக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள். கடைசியில் ரத்தமும் எடுத்துக்கொண்டுதான் அனுப்பினார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. மனிதர் கொதித்துப்போய் இருக்கிறார். இந்தச் சோதனைகளில் உண்மையில் எதைத்தான் பார்க்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூவரசு:
எதைப் பார்ப்பார்கள்? வேடிக்கை பார்ப்பார்கள். குடித்தானா இல்லையா என்று சொல்லக் கருவி இருக்கிறது. அது இல்லை என்று சொன்ன பிறகு ஒரு மனிதனை நடுச்சாலையில் நொண்டியாட்டம் ஆடவைப்பதற்குப் பெயர் சோதனையா? எப்படியும் ஒரு வழக்குப் போட்டாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலை:
பூவரசு, கோபம் புரிகிறது. போக்குவரத்துப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, புதிதாக வருபவர்களுக்கு இந்தச் சோதனைகளைக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊதும் கருவிக்கு மது ஒன்றைத்தான் தெரியும். கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதுவும் அதற்குத் தெரியாது. வண்டி தள்ளாடுகிறது, கருவியோ பூஜ்யம் காட்டுகிறது என்றால் அதிகாரியின் சந்தேகம் குறையாது, கூடத்தான் செய்யும். சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா, தலையில் அடிபட்டிருக்கிறதா, வேறு ஏதேனும் உட்கொண்டிருக்கிறாரா என்று பார்த்தாக வேண்டும்.

பேனா அசைத்ததில் இருந்து தொடங்குகிறேன். முகத்திலிருந்து 12 முதல் 15 அங்குலத் தொலைவில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே அதைப் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வோம். முதலில் இரு கண்மணிகளும் ஒரே அளவா, இரு கண்களும் ஒன்றாக நகர்கின்றனவா என்று கவனிப்போம். வேறுபாடு இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய ஆள் அவர். அதன் பிறகு ஒவ்வொரு கண்ணிலும் மூன்று அறிகுறிகள்: பார்வை வழுக்கிக்கொண்டு போகாமல் திக்கித் திக்கிப் போவது, ஓரத்தின் எல்லையில் குறைந்தது 4 விநாடி நிறுத்திவைக்கும்போது கண் தொடர்ந்து துடிப்பது, 45 பாகைக்கு முன்பே துடிப்பு தொடங்கிவிடுவது. ஆக மொத்தம் ஆறு. நான்கு தென்பட்டால் கணக்கில் எடுப்போம். இந்தத் துடிப்புக்கு மருத்துவத்தில் நிஸ்டாக்மஸ் என்று பெயர். மது மூளையின் கண்ணசைவுக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதால் வருவது. மனத்திடத்தால் இதை அடக்க முடியாது என்பதால்தான் மூன்று சோதனைகளில் இதன்மேல் எங்களுக்கு நம்பிக்கை அதிகம்.

கோட்டில் நடப்பது ஒன்பது காலடி முன்னே, சொன்னபடி ஒரு திருப்பம், ஒன்பது காலடி திரும்பி. பலர் இதைக் கால்களுக்கான சோதனை என்று நினைக்கிறார்கள். பாதிக்குமேல் அது காதுக்கும் நினைவுக்கும் வைக்கும் சோதனை. ஒரு காலுக்கு முன்னால் மறுகாலை வைத்து நிற்கவைத்துவிட்டுத்தான் விதிகளையே சொல்வோம். அந்த நிலையில் நின்றுகொண்டே கேட்க வேண்டும், நான் 'தொடங்குங்கள்' என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், காலடிகளை வாய்விட்டு எண்ண வேண்டும். வண்டி ஓட்டுவதும் அப்படித்தானே? கை ஒன்றைச் செய்ய, கண் ஒன்றைப் பார்க்க, மனம் இன்னொன்றைக் கணக்கிட வேண்டும். எட்டு அறிகுறிகளில் இரண்டு போதும். ஒற்றைக் கால் சோதனையில் தரையிலிருந்து ஆறு அங்குலம் காலைத் தூக்கி 30 விநாடி நிற்க வேண்டும். ஆடுவது, கையை விரிப்பது, தத்துவது, காலை ஊன்றுவது என்று நான்கு அறிகுறிகள், அதிலும் இரண்டு.

இடதுகால்:
//எட்டு அறிகுறிகளில் இரண்டு போதும்//

எனக்கு உள்காதில் கோளாறு. வெட்டவெளிச்சத்தில், வெறும் காபி குடித்துவிட்டு, என் வீட்டுக் கூடத்திலேயே ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க முடியாது. நடுராத்திரியில், சுழல்விளக்குகள் கண்ணைக் கூசவைக்க, பக்கத்தில் லாரிகள் சீறிப்போக, ஒரு காவலர் முன்னால் நின்றால்? 'தொடங்குங்கள்' என்பதற்கு முன் பதற்றத்தில் ஓர் எட்டு வைத்துவிட்டேன், திரும்பும்போது கையை விரித்துவிட்டேன். முடிந்தது கதை. நான் போதையில் இருப்பவன் ஆகிவிட்டேன். சரிதானே?

நெடுஞ்சாலை:
அதனால்தான் காலில், முதுகில், காதில் ஏதும் கோளாறு உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறோம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனைகள் கடினம் என்பது அமெரிக்கப் பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமான குதிகால் செருப்பு என்றால் கழற்ற வாய்ப்புத் தர வேண்டும். தரை வழுக்காமல் இருக்க வேண்டும். நீங்கள் உங்கள் காதைப் பற்றிச் சொன்னால் நான் கண் சோதனையையும் சேர்த்தே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் உள்காதுக் கோளாறும் கண்ணைத் துடிக்கவைக்கும்.

எல்லா அதிகாரிகளும் கேட்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். கேட்பதில்லை. சாலையோரச் சோதனையின் மிகப் பெரிய ஓட்டை அதுதான் என்பேன்.

குடுவை:
ஓட்டை அது ஒன்று மட்டுமில்லை, ஐயா. நான் தடயவியல் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகளோடு வாழ்கிறவன். இந்தச் சோதனைகளின் பிறப்புச் சான்றிதழையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 1970-களில் பணம் கொடுத்துத் தென் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை இதில் இறக்கியது. மார்சலின் பர்ன்ஸ், ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ் இருவரும் 1977-இல் தந்த முதல் அறிக்கையில், 'இவரைக் கைது செய்திருப்பேன்' என்று அதிகாரிகள் சொன்னவர்களில் 47 சதவீதத்தினர் அன்றைய வரம்பான 0.10-க்கு (100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 மில்லிகிராம் மது) கீழே இருந்தார்கள். ஏறத்தாழப் பூவா தலையா! முறைகளை ஒழுங்குபடுத்திய பின், 1981-இல் கண் சோதனைக்கு 77, கோட்டு நடைக்கு 68, ஒற்றைக் காலுக்கு 65 சதவீதம் சரி என்று வந்தது. 1998-இல் சான் டியாகோவில், 0.08 வரம்புக்கு, மூன்றையும் சேர்த்து 91 சதவீதம் சரியாக இருந்தது என்றார்கள். நீதிமன்றங்களில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த 91-ஐத்தான். ஆனால் அங்கே சோதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே வரம்பைத் தாண்டியவர்கள். குடித்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் எல்லோரையும் குடித்தவர் என்று சொன்னாலும் நல்ல மதிப்பெண் வந்துவிடும்.

இன்னொன்று, இந்த ஆய்வுகள் கேட்ட கேள்வியே 'ரத்தத்தில் மது இவ்வளவுக்கு மேல் இருக்கிறதா' என்பதுதான். 'வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறாரா' என்று அவை கேட்கவில்லை. கோட்டில் தடுமாறினால் வண்டியும் தடுமாறும் என்று நெடுஞ்சாலை ஐயா சொன்னது கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. அந்த ஆய்வுகள் நிறுவியது அதை அல்ல.

பூவரசு:
அப்படிப் போடுங்கள்! சரி, அந்த ஊதும் கருவியாவது யோக்கியமா? புதினா மிட்டாய், வாயில் செப்பு நாணயம், வாய்க்கொப்பளிப்பு மருந்து என்று ஆளுக்கொரு வித்தை சொல்கிறார்களே.

குடுவை:
மிட்டாயும் நாணயமும் மூடநம்பிக்கை. கருவி வாய்நாற்றத்தை முகர்ந்து பார்ப்பதில்லை, மதுவில் உள்ள எத்தனால் மூலக்கூறுகளை அளக்கிறது. வாய்க்கொப்பளிப்பு மருந்தோ உங்களுக்கே எதிராக முடியும். பலவற்றில் மது உண்டு. கொப்பளித்த கையோடு ஊதினால், துளியும் குடிக்காதவருக்குக்கூட எண் எகிறும். கால் மணி நேரத்தில் அந்த வாய்மது ஆவியாகிவிடும். சாட்சியமாகப் பயன்படும் சோதனைக்கு முன் 15 நிமிடம், சில இடங்களில் 20 நிமிடம், ஆளைக் கண்காணிக்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். அந்த நேரத்தில் ஏப்பம் விட்டாலோ வாந்தி எடுத்தாலோ காத்திருப்பை மறுபடி தொடங்க வேண்டும்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரோலா ஹார்கர் 1930-களில் பலூனில் ஊதவைத்துச் சோதித்தார். 1954-இல் ராபர்ட் போர்கன்ஸ்டைன் செய்த கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் மதுபட்டதும் நிறம் மாறும், அந்த மாற்றத்தை ஒளியால் அளந்தார்கள். இன்று அதிகாரியின் கையில் இருப்பது எரிபொருள் கலம். பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் அசிட்டிக் அமிலமாக மாறும்போது பிறக்கும் மின்னோட்டத்தை அது அளக்கிறது. நிலையத்தில் உள்ள பெரிய கருவிகள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளப்பவை. சர்க்கரை நோயாளிகளின் மூச்சில் வரும் அசிட்டோனை எரிபொருள் கலம் கண்டுகொள்வதில்லை. பழைய அகச்சிவப்புக் கருவிகள் சில குழம்பியதுண்டு.

எந்தக் கருவியும் ரத்தத்தை நேராகப் பார்ப்பதில்லை. மூச்சில் இவ்வளவு என்றால் ரத்தத்தில் 2100 மடங்கு இருக்கும் என்று அமெரிக்காவில் பெருக்குகிறார்கள். பிரிட்டனில் 2300. அங்கே 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற இரு வரம்புகளும் இந்தப் பெருக்கலால்தான் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. உண்மையில் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் அந்த விகிதம் மாறும். மூச்சை அடக்கிவைத்து ஊதினால் எண் கூடும், வேகவேகமாக மூச்சு வாங்கிய பின் ஊதினால் குறையும், காய்ச்சல் இருந்தால் கூடும். வரம்புக்கு மிக அருகில் நிற்பவருக்குத்தான் இது வாழ்வா சாவா. மும்மடங்கு குடித்தவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கைகொடுக்காது.

தராசு:
வழக்குரைஞன் தரப்பிலிருந்து சில வார்த்தைகள். வரம்பு நாட்டுக்கு நாடு வேறு. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 80-இலிருந்து 50-க்கு இறங்கியது. ஸ்வீடனில் 20. இந்த எண்ணைத் தாண்டினால் நீங்கள் கோட்டில் நடன மணி போல நடந்து காட்டினாலும் குற்றம் குற்றம்தான். மதுவைப் பொறுத்தவரை சாலையோரச் சோதனை ஒரு வாசல் மட்டுமே. கைது செய்ய, அடுத்த சோதனைக்கு அழைத்துப்போக, அதிகாரிக்கு ஒரு நியாயமான காரணம் வேண்டும், அதை அது தருகிறது. ஆஸ்திரேலியாவில் 1976 முதல், விக்டோரியாவில் தொடங்கி, சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். கனடாவில் 2018 டிசம்பரிலிருந்து கருவி கையில் இருந்தால் காரணம் சொல்லாமலே கேட்கலாம். அங்கெல்லாம் அந்த வாசல் அகலத் திறந்தே இருக்கிறது.

கருவியின் யோக்கியதை பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2018-இல் மாநில உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பு எழுதியது. கருவிகளை அவ்வப்போது சரிபார்க்கும்போது, தரச்சான்று பெற்ற வெப்பமானியை வைத்துக் கரைசலின் வெப்பநிலையைச் சோதிக்க வேண்டும். அந்த ஒரு படியைச் செய்யாமலே செய்ததாக எழுதிவைத்துவிட்டார் ஓர் அலுவலர். 20,667 பேரின் சோதனை முடிவுகள் கேள்விக்குள்ளாயின. கருவியில் பழுது இருந்ததாக அல்ல, ஏட்டில் நம்பிக்கை போய்விட்டது என்பதற்காக. என் கட்சிக்காரர் யாராவது 'நான் குடிக்கவில்லை' என்று அடித்துச் சொன்னால் நான் முதலில் கேட்பது அந்தக் கருவியின் சரிபார்ப்புப் பதிவேட்டைத்தான்.

வழிப்போக்கன்:
இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இன்று அண்ணனிடம் மறுபடி பேசினேன். தும்மலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஒவ்வாமை மாத்திரையை அன்று மாலை போட்டிருக்கிறார். 'அதெல்லாம் ஒரு மருந்தா' என்று என்னிடமே சொல்லாமல் விட்டிருக்கிறார். நிலையத்தில் வேறோர் அதிகாரி வந்து இருட்டறையில் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாராம், நாடி பிடித்தாராம், கையை அழுத்திப் பார்த்தாராம். வந்தது மருத்துவர் என்றே அண்ணன் நினைத்திருக்கிறார்.

நெடுஞ்சாலை:
இப்போது படம் தெளிவாகிறது. பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் சில நன்றாகவே தூக்கம் தரும். கோட்டைத் தாண்டித் தாண்டிப் போனதற்கு அது போதும்.

வந்தவர் மருத்துவர் இல்லை. போதைப்பொருள் அறியும் பயிற்சி பெற்ற காவல் அதிகாரி. 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையில் முளைத்த முறை இது. கருவி ஒன்றும் காட்டவில்லை, ஆளோ நிற்க முடியாமல் நிற்கிறார் என்ற உங்கள் அண்ணன் மாதிரிச் சிக்கல்களைத் தீர்க்கத்தான் உருவாக்கினார்கள். மொத்தம் 12 படிகள். மூச்சுச் சோதனை முடிவைப் பார்த்து, கைது செய்த அதிகாரியிடம் விசாரித்துத் தொடங்கி, கண், நடை, நாடி, ரத்த அழுத்தம், உடல் வெப்பம் என்று போகும். நாடியை மூன்று முறை, இடைவெளி விட்டுப் பார்ப்பார்கள், பதற்றத்தால் ஏறியது கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும் என்பதற்காக. கண்மணியின் அளவைச் சாதாரண வெளிச்சத்திலும், கிட்டத்தட்ட முழு இருளிலும், நேரடி ஒளியிலும் பார்ப்பார்கள். கையை அழுத்தியது தசை விறைப்பையும் ஊசித் தடங்களையும் பார்க்க. கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, 30 விநாடி ஆனதும் சொல்லுங்கள் என்பார்கள். மந்தமாக்கும் மருந்து எடுத்தவர்கள் நெடுநேரம் கழித்துச் சொல்வார்கள், கிளர்ச்சியூட்டும் பொருள் எடுத்தவர்கள் அவசரப்படுவார்கள்.

பொருட்களை ஏழு வகையாகப் பிரித்து, எது எதைக் கூட்டும் எதைக் குறைக்கும் என்று ஓர் அட்டவணை உண்டு. அபின் வகை என்றால் கண்மணி சுருங்கும், கொக்கெயின் என்றால் விரியும். கஞ்சாவில் நிஸ்டாக்மஸ் வராது, ஆனால் மூக்கை நோக்கி இரு கண்களையும் குவிக்கச் சொன்னால் ஒரு கண் வழுவும். கடைசிப் படிதான் ரத்தம் அல்லது சிறுநீர்.

குடுவை:
அந்தக் கடைசிப் படியைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குப்பி என் மேசைக்குத்தான் வரும்.

மதுவில் கணக்கு எளிது. எண் ஏறினால் தடுமாற்றம் ஏறும், 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில் அது இறங்கும். கஞ்சாவில் இந்த ஒழுங்கே கிடையாது. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) உச்சத்துக்குப் போய், போதை இன்னும் இருக்கும்போதே சரசரவென்று சரிந்துவிடும். ஆளை நிறுத்தி, கொண்டுபோய், ரத்தம் எடுப்பதற்குள் பெரும்பங்கு போய்விடும். அன்றாடம் புகைப்பவருக்கோ, கொழுப்பில் தங்கியது சிறிது சிறிதாகக் கசிந்து, புகைக்காத நாளிலும் ரத்தத்தில் காட்டும். சிறுநீர் இன்னும் மோசம், வாரக்கணக்கில் தடயம் இருக்கும். அப்படியிருந்தும் சட்டமியற்றுபவர்களுக்கு ஓர் எண் வேண்டும். கனடா 2 நானோகிராம், 5 நானோகிராம் என்று இரு படிகள் வைத்தது. இங்கிலாந்து 2015-இல் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்று வைத்தது. கனடாக்காரர்கள் மில்லிலிட்டரில் சொல்கிறார்கள், ஆகவே 2 என்பது இரு இடத்திலும் ஒரே அளவுதான்.

உமிழ்நீர்ச் சோதனையை 2004 டிசம்பரில் விக்டோரியா சாலைக்குக் கொண்டுவந்தது. குச்சியை நாக்கில் தடவினால் சில நிமிடங்களில் விடை. அது சொல்வது 'அண்மையில் உட்கொண்டிருக்கலாம்' என்று மட்டும். குச்சியின் பட்டியலில் இல்லாத மருந்து அதன் கண்ணில் படாது. இந்த அண்ணனின் மாத்திரையைப் பெரும்பாலான குச்சிகள் தேடுவதே இல்லை. ரத்தம் எடுத்தது அதனால்தான்.

இடதுகால்:
அப்படியானால் ஆளைத் திரையின் முன் உட்காரவைத்து, எவ்வளவு வேகமாகப் பொத்தானை அமுக்குகிறார் என்று பார்த்துவிடலாமே? என்ன குடித்தார், என்ன விழுங்கினார் என்ற ஆராய்ச்சியே வேண்டாம். ஓட்டத் தகுதியா இல்லையா, அவ்வளவுதானே கேள்வி?

குடுவை:
யாரோடு ஒப்பிடுவது? உங்கள் வழக்கமான வேகம் என்னவென்று காவல்துறையிடம் பதிவு இல்லை. 70 வயதுக்காரரின் நிதானமான நாளும் 20 வயதுக்காரரின் போதை நாளும் பொத்தானில் ஒரே எண்ணைக் காட்டலாம். முதியவரைக் குற்றவாளி ஆக்குவீர்களா?

இடதுகால்:
கோட்டு நடையிலும் அதே கதைதானே, ஐயா? நான் நன்றாக இருக்கும் நாளில் எப்படி நடப்பேன் என்று அங்கே மட்டும் யாருக்குத் தெரியும்?

குடுவை:
தெரியாது. அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

தராசு:
நீதிமன்றங்களுக்கும் இந்தத் தயக்கம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2017-இல், கஞ்சா வழக்கில் இந்த நடைச் சோதனைகளை 'தேர்ச்சி, தோல்வி' என்று சொல்லக்கூடாது என்றது. அதிகாரி தான் கண்டதைச் சாட்சியாகச் சொல்லலாம், ஆனால் அதிலிருந்து கஞ்சாப் போதை நிரூபணமானது என்று முடிவுகட்ட முடியாது. மதுவுக்கு உள்ள அறிவியல் ஒப்புதல் அங்கே இல்லை என்பதே காரணம்.

பூவரசு:
இதைத்தானே முதல் பதிவிலேயே சொன்னேன்?

தராசு:
நீங்கள் சொன்னது வேடிக்கை பார்க்கிறார்கள் என்று. அவர்கள் பார்த்ததில் பொருள் இருக்கிறது. அதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதில்தான் சண்டை.

வழிப்போக்கன்:
கடைசியாக ஒன்று. அண்ணன் எல்லாச் சோதனைக்கும் ஒத்துக்கொண்டார். மறுத்திருக்கலாமா? இனி என்ன செய்யலாம்?

தராசு:
மறுப்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கோட்டு நடைக்கு மறுக்கலாம், கைதுக்குப் பிந்தைய மூச்சுச் சோதனைக்கு மறுத்தால் உரிமம் போகும். ரத்தம் எடுக்க நீதிபதியின் ஆணையோ உங்கள் சம்மதமோ வேண்டும் என்று அங்கே 2016-இல் தீர்ப்பானது. பிரிட்டனிலும் கனடாவிலும் தக்க காரணமின்றி மறுப்பதே ஒரு குற்றம். இந்தியாவில் மறுப்பை அரசுத் தரப்புக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம். ஒத்துழைத்ததில் உங்கள் அண்ணனுக்கு நட்டமில்லை என்றே நினைக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியது: ரத்த மாதிரியின் மறுபாதியைக் கேட்கும் உரிமை அங்கே உண்டா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் எடுக்கும்போதே இரண்டாகப் பிரித்து, கேட்டால் ஒன்றைத் தர வேண்டும். காதிலோ காலிலோ பழைய கோளாறு இருந்தால் மருத்துவ ஆவணம் எடுத்துவைக்கட்டும். மருந்துச்சீட்டும் வேண்டும், ஆனால் அது எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். இங்கிலாந்துச் சட்டத்தில், வரம்பு வகுக்கப்பட்ட மருந்தை மருத்துவர் சொன்னபடி உட்கொண்டிருந்தால் அந்த வரம்புக் குற்றத்துக்கு அது எதிர்வாதம். ஓட்டும் திறன் கெட்டிருந்தது என்ற தனிக் குற்றத்துக்கு அந்த எதிர்வாதம் கிடையாது. மாத்திரை அட்டையில் 'தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரசுத் தரப்பு முதலில் நீட்டப்போவது அந்த அட்டையைத்தான்.

வழிப்போக்கன்:
பார்த்துவிட்டேன். அச்சிட்டிருக்கிறது. வழக்குரைஞரிடம் நாளை அழைத்துப்போகிறேன்.